வீட்டுக்கு ஒரு நீதி, வெளிநாட்டுக்கு ஒரு நீதி!

1839ஆம் ஆண்டு. சீன நாட்டின் காண்டன் துறைமுகம். பேரரசரின் சிறப்பு ஆணையாளராக அங்கு வந்து சேர்ந்த லின் சேசூ என்னும் அதிகாரி, கடலுக்கு அப்பால் வீற்றிருந்த விக்டோரியா அரசிக்கு ஒரு கடிதம் எழுதினார். படைபலம் காட்டும் கடிதமன்று அது. பணிந்து கெஞ்சும் கடிதமுமன்று. நீதி கேட்ட கடிதம். அபினி எத்தகைய கேடு என்பதை நீங்கள் அறிவீர்கள். அறிந்திருந்தும் அதை எங்கள் மக்களிடம் கொண்டுவந்து விற்று இலாபம் காணலாமா? உங்கள் மக்களுக்கு ஆகாதது எங்கள் மக்களுக்கு மட்டும் ஆகுமா? இதுவே கடிதத்தின் சாரம்.

பதில் வரவில்லை. போர்க்கப்பல்கள் வந்தன! 1842இல் நான்கிங் உடன்படிக்கை. ஹாங்காங் தீவு பறிபோயிற்று. 2 கோடியே 10 இலட்சம் வெள்ளி டாலர் தண்டமாக வாங்கப்பட்டது. அபினியோ தொடர்ந்து இறங்கிற்று. அது எங்கிருந்து வந்தது? பாட்னாவிலிருந்தும் காஜிப்பூரிலிருந்தும்! கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக வைத்திருந்த ஆலைகளில், நம் நாட்டு உழவன் விளைவித்துக் கொடுத்த கசகசாச் செடியின் பாலிலிருந்து வந்தது. விளைவித்தவன் ஏழை, புகைத்து அழிந்தவன் ஏழை, இடையில் நின்று பொன் குவித்தது ஓர் அரசு.

லின் சேசூவின் கடிதத்தில் ஒரு செய்திப் பிழை உண்டு. இங்கிலாந்தில் அபினி தடுக்கப்பட்ட பொருள் என்று அவர் எண்ணினார். உண்மையில் அந்நாளில் அங்கே கடைகளிலேயே அது விற்கப்பட்டது. செய்தி பிழைத்தது, கேள்வி பிழைக்கவில்லை. ஓர் அரசு, தன் மக்களிடம் ‘குறை’ என்று கூறும் ஒரு பொருளைப் பிறநாட்டு மக்களிடம் ‘கொள்’ என்று நீட்டலாமா? நூற்றெண்பது ஆண்டுகளைக் கடந்தும் அந்தக் கேள்வி பதிலுக்காகக் காத்து நிற்கிறது.

இன்று அபினிப் பெட்டி இல்லை. விஸ்கிப் புட்டி இருக்கிறது. பீரங்கி இல்லை, வணிக ஒப்பந்தம் இருக்கிறது. அபினியும் விஸ்கியும் ஒன்றே என்று நாம் கூற வரவில்லை. அப்படிக் கூறுவது மேடைக்குச் சுவை தரலாம், பகுத்தறிவுக்கு அழகாகாது. போர்முனையில் திணிக்கப்பட்ட சரக்கு வேறு. இரு நாட்டு அரசினரும் மேசைமுன் அமர்ந்து பேசி ஒப்புக்கொண்ட சரக்கு வேறு. சரக்கும் முறையும் மாறியிருக்கின்றன. அறம் மாறியிருக்கிறதா என்பதே நம் ஆராய்ச்சி.

2025 ஜூலை 24ஆம் நாள், இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பமிட்டன. அதில் விஸ்கிக்குத் தனி இடம்! இந்தியா விதித்துவந்த 150 விழுக்காடு இறக்குமதி வரி, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தவுடன் 75 விழுக்காடாகும். பத்தாண்டுகளில் 40 விழுக்காடாகக் குறையும். பிரிட்டிஷ் அரசினர் இதைப் பெரும் வெற்றியாகப் பறைசாற்றினர். வியப்பில்லை. 2024இல் மட்டும் ஸ்காட்லாந்தின் விஸ்கி ஏற்றுமதி ஏறத்தாழ 540 கோடி பவுன். 140 கோடிப் புட்டிகள். புட்டிக் கணக்கில் அந்த ஆண்டின் முதல் வாடிக்கையாளர் யார் என்று கேட்டால், இந்தியா! 19 கோடியே 20 இலட்சம் புட்டிகள். அமெரிக்கா பண மதிப்பில் முதலிடம். நாம் எண்ணிக்கையில் முதலிடம்.

வணிகர் விற்க விரும்புவது இயல்பு. அதில் நமக்கு வழக்கில்லை. வணிகனுக்காக அரசே தரகனாக வருகிறதே, அதைப் பற்றித்தான் வழக்கு. ஏனெனில் அதே அரசுக்கு வீட்டில் வேறொரு முகம் இருக்கிறது.

அந்த இரண்டு முகங்களின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1915. முதல் உலகப் போர். வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் குடியால் வேலை கெடுகிறது என்று கவலை கொண்ட லாயிட் ஜார்ஜ், ஜெர்மனியையும் ஆஸ்திரியாவையும்விடக் கொடிய பகை மதுவே என்று முழங்கினார். மதுக்கடை நேரம் சுருக்கப்பட்டது. வரி உயர்ந்தது. முதிராத சாராயத்தை விற்கக் கூடாதென்று சட்டம் பிறந்தது.

1920. அமெரிக்கா மதுவிலக்கை நாடெங்கும் கொண்டுவந்தது. அது நல்ல சட்டமா கெட்ட சட்டமா என்பது வேறு. ஒரு குடியரசின் மக்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட சட்டம் அது. அப்போது நிகழ்ந்ததென்ன? பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பஹாமாத் தீவுகளின் நசாவு நகரில் மதுக் கிடங்குகள் பெருகின. அந்தச் சிறு தீவின் மக்கள் அத்தனையையும் குடித்தனர் என்று எண்ணிவிடாதீர்கள்! இரவோடிரவாக அமெரிக்கக் கரைக்குக் கடத்துவதற்கு வந்த சரக்கு அது. தீவின் கருவூலம் கொழுத்தது. கடத்தல் கப்பல்களைச் சோதனையிடும் உரிமையை பிரிட்டன் அமெரிக்காவுக்கு அளித்தது 1924இல்தான். அதுவும் கரையிலிருந்து ஒரு மணிநேரக் கப்பலோட்டத் தொலைவுக்குள் மட்டும்!

1945. இரண்டாம் உலகப் போரின் முடிவு. விஸ்கிக்கான வாற்கோதுமையை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள், அது டாலர் ஈட்டித் தரும் அரிய ஏற்றுமதிப் பொருள் என்று சர்ச்சில் குறிப்பெழுதினார். அடுத்த ஆண்டே, போர்க்காலத்தில்கூட இல்லாத ரொட்டிப் பங்கீடு பிரிட்டனில் வந்தது, 1948வரை நீடித்தது. தாய்மார்கள் ரொட்டிக்குச் சீட்டேந்தி நின்ற நாட்டில், மது ஆலைக்குத் தானியம் போய்க்கொண்டிருந்தது, கடல் கடந்து போகும் புட்டிகளுக்காக! கடனில் மூழ்கிய நாட்டுக்கு டாலர் தேவைப்பட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த டாலரைக் கொண்டும் உணவு வாங்கினர் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 1915இல் மது நாட்டின் பகை. 1945இல் நாட்டின் துணை. முப்பது ஆண்டுகளில் மது மாறிவிட்டதா? இல்லை. அதே வாற்கோதுமை, அதே பீப்பாய், அதே மயக்கம். மாறியவன் குடிப்பவன்! முன்னவன் உள்நாட்டுத் தொழிலாளி; அவன் குடித்தால் நாட்டுக்கு இழப்பு. பின்னவன் வெளிநாட்டான், அவன் குடித்தால் நாட்டுக்கு வரவு.

இது பழைய கதை என்று ஒதுக்கிவிடலாமா? இன்றைய கதையைக் கேளுங்கள்.

ஸ்காட்லாந்தில் மதுவினால் நேரடியாக மாண்டவர்கள் 2023ஆம் ஆண்டில் மட்டும் 1,277 பேர். சுமார் 55 இலட்சம் மக்களே வாழும் நாடு அது. விஸ்கியின் தாயகத்தில் வீட்டுக்கு வீடு இந்தத் துயரம் தெரியும். எனவே 2012இல் அதன் பாராளுமன்றம் துணிந்து ஒரு சட்டம் இயற்றிற்று: மதுவை ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழே எவரும் விற்கலாகாது. மலிவு மதுவே மிகுதியாகக் குடிக்கச் செய்கிறது. விலை உயர்ந்தால் குடி குறையும் என்பது காரணம். மதுத் தொழிலதிபர்கள் சும்மா இருந்தனரா? ஸ்காட்ச் விஸ்கிச் சங்கத்தார் வழக்காடினர். எடின்பரோ, ஐரோப்பிய நீதிமன்றம், கடைசியில் லண்டன் உச்ச நீதிமன்றம் என ஆண்டுகள் ஓடின. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2018 மே முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆறாண்டுகள் வீண்! ஆயினும் பயன் விளைந்தது. மதுவே முழுக் காரணமான சாவுகள் இச்சட்டத்தால் 13.4 விழுக்காடு குறைந்தன என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மது அளவலகு ஒன்றுக்கு 50 பென்ஸ் என்றிருந்த அடிவிலை 2024 செப்டம்பரில் 65 பென்ஸ் ஆக்கப்பட்டது. நல்ல சட்டம், நாம் பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டுக் கேட்கிறோம். விலை உயர்ந்தால் உயிர் பிழைக்கும் என்பது எடின்பரோவில் உண்மையானால், தில்லியில் மட்டும் பொய்யாகுமா? அங்கே ‘விலையை உயர்த்து, உயிரைக் காக்க!’ என்று சட்டம். இங்கே ‘விலையைக் குறை, ஏற்றுமதியைக் காக்க!’ என்று ஒப்பந்தம். சட்டம் செய்தது எடின்பரோ அரசு, ஒப்பந்தம் செய்தது லண்டன் அரசு என்று நுணுக்கம் பேசலாம். ஆனால் விஸ்கி ஏற்றுமதி பெருகுவதில் இரு அரசுக்கும் மகிழ்ச்சி ஒன்றே. லண்டன் அரசும் தன் வீட்டில் சாராய வகைகளின் தீர்வையை 2023 ஆகஸ்டில் 10.1 விழுக்காடு உயர்த்திய அரசுதான். மனித ஈரல் ஸ்காட்லாந்தில் ஒருவிதமாகவும் சீனத்தில் ஒருவிதமாகவும் இந்தியாவில் ஒருவிதமாகவும் வேலை செய்வதாக எந்த மருத்துவ நூலும் கூறக் காணோம்!

இந்த இரட்டை அளவையை நம் இயக்கத் தோழர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஒரே குற்றம், செய்தவன் பிறந்த குலத்துக்கேற்ப வேறு வேறு தண்டனை என்று எழுதிவைத்த மனுவின் நீதியை எதிர்த்து வளர்ந்தவர்கள் நாம். குலத்துக்கொரு நீதி கொடுமை என்றால், நாட்டுக்கொரு நீதி மட்டும் எப்படி நேர்மையாகும்? நெல் வாங்கும்போது பெரிய படியும் விற்கும்போது சின்னப் படியும் வைத்திருக்கும் வணிகனை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பார்கள்? அரசு செய்தால் அதற்கு ‘வெளிநாட்டு வணிகக் கொள்கை’ என்று பெயர்!

மறுப்புரைகள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு வெற்றி முழங்குவது நம் வழக்கமன்று. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘நாங்கள் சலுகை கேட்கவில்லை, சமநீதி கேட்கிறோம். உள்நாட்டுச் சாராயத்துக்குக் குறைந்த வரி, எங்கள் விஸ்கிக்கு மிகுந்த வரி என்பது நியாயமா?’ என்கின்றனர். இதில் உண்மை இருக்கிறது. ஜப்பான் தன் நாட்டு ஷோச்சுவுக்குக் குறைந்த வரியும் விஸ்கிக்கு மிகுந்த வரியும் விதித்தது. 1996இல் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு அது தவறென்று தீர்ப்பளித்தது. ஜப்பான் ஷோச்சு வரியை உயர்த்தி, விஸ்கி வரியைத் தாழ்த்தியது. கொரியாவின் சோஜுவுக்கும் 1999இல் இதே தீர்ப்பு. அந்தத் தீர்ப்புகளை நாம் குறைகூறவில்லை. பிறநாட்டுச் சரக்கு என்பதற்காக மட்டும் கூடுதல் வரி போட்டால், அது மக்கள் நலக் காப்பன்று. உள்நாட்டு முதலாளிக் காப்பு. இந்தியாவின் 150 விழுக்காடு வரியும் முழுக்க முழுக்க மக்கள் நலனுக்காகவே வந்தது என்று சொன்னால், உள்நாட்டு மது ஆலைக்காரர்களே நகைப்பார்கள். ஆகவே சமநீதி கேட்பது குற்றமன்று. ஆனால் சமமாக எல்லா மதுவுக்கும் ஒரு நாடு கட்டுப்பாடு விதிக்கும்போது, அதையும் எதிர்த்து வருகிறார்களா இல்லையா என்பதே உரைகல். அதற்குப் பிறகு வருவோம்.

‘தொழிலாளர்களை எண்ணிப் பாருங்கள்’ என்கின்றனர். எண்ணுகிறோம். ஸ்காட்லாந்தில் 41,000 பேர் இத்தொழிலை நம்பி வாழ்வதாக விஸ்கிச் சங்கத்தார் கணக்குத் தருகின்றனர். ஐலா போன்ற தீவுகளில் மது ஆலையை விட்டால் வேறு பெருந்தொழில் அரிது. அத்தொழிலாளி நம் பகைவனல்லன். அவனை உண்மையில் வதைப்பது எது தெரியுமா? இதே வணிகப் பூசல்! ஏர்பஸ் விமானத்துக்கு ஐரோப்பிய அரசுகள் முறைகேடாக உதவின என்பது அமெரிக்காவின் புகார். அதற்குத் தண்டனையாக 2019 அக்டோபரில் அமெரிக்கா, ஒற்றை ஆலை விஸ்கிக்கு 25 விழுக்காடு வரி போட்டது. 2021 மார்ச்வரை அது நீடித்தது. விமானம் செய்தவன் ஒருவன். வேலை இழக்க அஞ்சியவன் வாற்கோதுமை ஊறவைத்தவன்! முன்னதாக 2018இல் எஃகு வரிப் பூசலுக்காக ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்க விஸ்கிக்கு இதே 25 விழுக்காடு போட்டது. அரசின் ஏற்றுமதி ஆர்வம் தொழிலாளிக்குக் கேடயமாகவில்லை, அவனைப் பணயமாக்கிற்று.

‘நாங்கள் விற்காவிட்டால் வேறொருவர் விற்பார்’ என்கின்றனர். பழகிய குரல் இது! இங்கிலாந்து அடிமை வணிகத்தை 1807இல் ஒழிப்பதற்கு முன், ‘நாம் விட்டால் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொள்வர்’ என்று வாதாடியவர்களின் குரல். அயலான் திருடுவான் என்பது நாம் திருடுவதற்கு அனுமதிச் சீட்டாகாது.

‘வயது வந்தவன் தன் விருப்பப்படி குடிக்கிறான். உங்களுக்கென்ன?’ என்கின்றனர். தனிமனித உரிமையை மதிப்பவர்கள் நாம். குடி பாவம், நரகம் கிடைக்கும் என்று புராணம் காட்டி அச்சுறுத்துவது நம் வேலையன்று. நாம் காட்டுவது கணக்கு. 2019ஆம் ஆண்டில் உலகில் 26 இலட்சம் சாவுகளுக்கு மது காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் கூறிற்று. மது புற்றுநோய் தருவது என்று 1988இலேயே அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்திற்று. இந்த அறிவு குடிப்பவனுக்குச் சென்று சேர்ந்த பிறகல்லவா அவன் விருப்பம் உண்மையான விருப்பமாகும்? அந்த அறிவைக் கொண்டு சேர்க்கத்தான் விடுகிறார்களா?

இங்கேதான் உரைகல்லுக்கு வருகிறோம்.

2010இல் தாய்லாந்து, மதுப் புட்டிகள்மீது எச்சரிக்கைப் படங்கள் ஒட்ட முனைந்தது. உள்நாட்டுப் புட்டி, வெளிநாட்டுப் புட்டி என்ற வேறுபாடு இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே விதி. உடனே ஏற்றுமதி நாடுகளின் பேராளர்கள் உலக வணிக அமைப்பில் எழுந்து நின்று ஆட்சேபித்தனர். இது தேவையா, இதற்குச் சான்று போதுமா, வணிகத்துக்கு இது தடையாகாதா எனக் கேள்விகள்! தம் மருத்துவமனைகளில் ஈரல் கெட்டுக் கிடப்போரை எண்ணி வருந்தும் அரசுகளின் பேராளர்களே கேட்டனர்.

அயர்லாந்து இன்னும் தெளிவான பாடம். மது ஈரல் நோயையும் புற்றுநோயையும் தரும் என்று புட்டியில் அச்சிடச் சட்டம் கண்ட நாடு அது. 2023 மே மாதம் விதிகள் கையொப்பமாயின. 2026 மே முதல் நடைமுறை என்று நாள் குறிக்கப்பட்டது. 2025 ஜூலையில் அந்த அரசு 2028க்கு அதைத் தள்ளிவைத்தது. காரணம்? மது புற்றுநோய் தருவது நின்றுவிட்டதா? இல்லை. அமெரிக்க வரி மிரட்டலால் வணிகச் சூழல் சரியில்லையாம்! விஸ்கி ஏற்றுமதியில் பெயர்பெற்ற நாடு அல்லவா? வெளியே விற்கும் ஆசை, உள்ளே சொல்லவேண்டிய உண்மையின் வாயையும் பொத்திவிட்டது. அயலானுக்காக வைத்த இரண்டாவது படி, கடைசியில் சொந்த வீட்டுக்காரனையும் ஏமாற்றிற்று.

மாறாக, கனடாவைப் பாருங்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவோடு வரிப்பூசல் மூண்டது. ஒன்டாரியோ மாநிலத்தின் அரசு மது விற்பனை நிறுவனம் அமெரிக்க மதுவகைகளை அலமாரிகளிலிருந்து ஒரே நாளில் இறக்கிற்று. மக்கள் நலனுக்காக ஓர் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப் பதினைந்து ஆண்டுகள் சான்று கேட்கிறார்கள். தன்மானத்துக்காகப் புட்டியையே இறக்க ஒரு பகல் போதுமானதாயிருக்கிறது! முடியாது என்பதெல்லாம் மனம் இல்லாதபோது சொல்லும் சொல் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அப்படியானால் வழி என்ன? விஸ்கி ஏற்றுமதியையே தடைசெய் என்று கூக்குரலிடுவதா? அது நடவாது, நடந்தாலும் கள்ளக் கடத்தலுக்கே வாழ்வு என்பதை நசாவு நகரம் காட்டிவிட்டது. வழி ஏற்கெனவே ஒரு பொருளில் கண்டறியப்பட்டிருக்கிறது. அந்தப் பொருள் புகையிலை.

1980களில் அமெரிக்க அரசு தன் சிகரெட்டு முதலாளிகளுக்காக ஜப்பான், தைவான், தென் கொரியா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் கதவுகளை இடித்தது; வணிகத் தண்டனை காட்டி மிரட்டியது. அப்போது அமெரிக்காவின் தலைமை மருத்துவ அலுவலராயிருந்த எவரெட் கூப் என்பாரே அதைக் கண்டித்தார். கொக்கெய்னை எங்களுக்கு அனுப்பாதீர்கள் என்று அயல்நாடுகளிடம் மன்றாடிக்கொண்டே, நாம் புகையிலையை அனுப்புவது வேடத்தின் உச்சம் என்னும் கருத்துப்பட உரைத்தார். மருத்துவரின் நேர்மை அது! 1997இல் டெக்சாஸ் மாநில உறுப்பினர் லாயிட் டாகெட் கொண்டுவந்த திருத்தத்தை அமெரிக்கக் காங்கிரசு ஏற்றது. அரசுப் பணத்தைக் கொண்டு புகையிலை ஏற்றுமதியை வளர்க்கலாகாது. பிறநாட்டார் புகையிலைக்கு விதிக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்துமாறு அரசு அதிகாரி எவரும் கேட்கலாகாது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு எல்லாப் புகையிலைக்கும் சமமாக இல்லாமல், பாகுபாடு காட்டுவதாயிருந்தால் மட்டும் கேட்கலாம்.

எவ்வளவு தெளிவான கோடு! சமநீதி கேட்கும் உரிமை வணிகனுக்கு உண்டு. தன் மக்களைக் காக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. ஓர் அரசு முன்னதற்குத் துணை நிற்கலாம்; பின்னதை முறிக்கத் துணை போகலாகாது. புகையிலைக்கு இந்த நீதி பொருந்துமானால் மதுவுக்கு ஏன் பொருந்தாது? புகையிலைக்கு 2003இல் உலக நாடுகள் கூடி ஒரு கட்டுப்பாட்டு உடன்படிக்கை கண்டன. மதுவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், புகையிலைக்கு உதவ மறுத்த அதே அமெரிக்க அரசு, வேளாண்மைத் துறையின் சந்தை வளர்ப்புத் திட்டத்தின் வழியாக விஸ்கி விளம்பரத்துக்குப் பணம் அளிக்கிறது. பாதிப் பாடத்தை மட்டும் படித்த மாணவன்!

இதுவரை அயலாரைக் கேட்டோம். கேட்ட விரலை நம் பக்கமும் திருப்ப வேண்டாமா? திருப்பாவிட்டால் நாமும் இரண்டு படி வைத்திருப்பவர்களே.

இந்திய அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மயக்கம் தரும் குடிவகைகளை விலக்க அரசு முயலவேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தின் பேரால் உறுதிமொழி எடுத்த இந்திய அரசின் வேளாண்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் பட்டியலில், பழத்தோடும் அரிசியோடும் மதுவகைகளும் இடம்பெற்றிருக்கின்றன! நம் மக்களுக்கு விலக்கத்தக்கது, அயலார்க்கு வளர்க்கத்தக்கதா? லின் சேசூ இன்றிருந்தால் அடுத்த கடிதத்தைத் தில்லிக்கு எழுதியிருப்பார்.

தமிழகமோ? வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்று தனி அதிகாரம் வகுத்த நாடு. பெரியார், 1921இல் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்த நாடு. பிறரை விடச் சொல்லும்முன் தம் வருவாயை விட்ட நேர்மை அது. அந்த நாட்டில் 2003முதல் அரசே சில்லறை மதுக்கடை நடத்துகிறது. குடி குடியைக் கெடுக்கும் என்று எழுதிவைத்துவிட்டு, அந்த எழுத்தின் கீழேயே கல்லாப்பெட்டி. பிரிட்டன் உள்நாட்டானுக்கு ஒரு நீதியும் வெளிநாட்டானுக்கு ஒரு நீதியும் வைத்தது. நாமோ எழுத்துக்கு ஒரு நீதியும் கல்லாவுக்கு ஒரு நீதியும் வைத்திருக்கிறோம்! ஒன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நம் கூலித் தொழிலாளியின் குடும்பத்தைக் கெடுக்கும் புட்டி ஸ்காட்லாந்திலிருந்து வருவதன்று. அந்த விலை கொடுக்க அவனால் ஆகாது. ஆகவே ‘வெள்ளைக்காரன் கெடுத்தான்’ என்று பழி போட்டுவிட்டு நாம் தப்பிவிட முடியாது.

இளைஞர்களே! வணிக ஒப்பந்தம் என்றால் அது பொருளாதாரம் படித்தவர்களின் காரியம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அடுத்த முறை ஓர் அமைச்சர், அவர் லண்டன் அமைச்சராயினும் தில்லி அமைச்சராயினும், மது ஏற்றுமதி வெற்றி என்று மாலை சூடி நிற்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். உன் நாட்டில் இந்தப் பொருளுக்கு என்ன எச்சரிக்கை, என்ன விலை, என்ன கட்டுப்பாடு வைத்திருக்கிறாய்? அதே எச்சரிக்கையை, அதே கட்டுப்பாட்டை வாங்கும் நாடு எல்லா மதுவுக்கும் சமமாக வைத்தால் ஒப்புவாயா, ஓடிவந்து ஆட்சேபிப்பாயா? ஆட்சேபிப்பாயானால், உன் மக்களின் உயிருக்கும் அவர்களின் உயிருக்கும் இடையே நீ கண்ட வேற்றுமை என்ன?

மூன்றாவது கேள்விக்கு நேர்மையான விடை ஒன்றுதான் உண்டு. வேற்றுமை இல்லை என்பதே அது. அதை வாயால் சொல்லிவிட்ட அரசு, அடுத்த நாளே இரண்டாவது படியை உடைத்தாக வேண்டும். உடைக்காதவரை, 1839இல் காண்டனில் எழுதப்பட்ட அந்தக் கடிதம் உறை பிரிக்கப்படாமலே கிடக்கிறது என்றுதான் பொருள். அதைப் பிரித்து உரக்கப் படிக்கும் வேலை நம்முடையது.